அரை மணி நேரம் போதும்

தண்ணீரை இழுக்கிறவரை பம்ப் ஒரே சுருதியில் உறுமும். அடியில் உறைந்த கசடு குழாயின் வாயை அடைத்துவிட்டால் சத்தம் மெலிந்து இழுத்து இழுத்து வரும். அந்தச் சத்தம் கேட்டதும், லாரியின் பின்பக்கம் வால்வைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணி ஒரு கையைத் தூக்கினாள். டேங்க் ஓரம் நின்ற ஒல்லி என்கிற வேலையாள் குழாயை மேலே இழுத்துப் போட்டான். முக்கால் டேங்க் காலியாகிவிட்டது. மிச்சமிருக்கும் கால் டேங்க்தான் வேலையே. நாலைந்து வருஷம் திறக்காத செப்டிக் டேங்கில் அடிக்கசடு களிமண்ணாக இறுகிக் கிடக்கும். தண்ணீரை ஊற்றி, நீளக் கழியால் கிண்டிக் கிண்டிக் கரைத்து, மறுபடி இழுக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும்.

ஊருக்கே அவள் அண்ணிதான். லாரி ஓட்டும் சின்னவனுக்கு மட்டும் அது உண்மையான உறவு. செத்துப்போன அவன் அண்ணனின் பெண்டாட்டி அவள். ஒல்லிக்கு அவளைவிட ஆறு வயது அதிகம். மூன்று வருஷத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்த நாளில் சின்னவன் கூப்பிட்டதைப் பார்த்து அவனும் அண்ணி என்றான். "தலை நரைச்சவனுக்கெல்லாம் நான் அண்ணியா?" என்று கேட்டாள். "உறவுக்கு ஏது வயசு?" என்று சிரித்தான். கடைசியில் சின்னவன் லாரிக் கதவிலும் அப்படியே எழுதிவிட்டான்: அண்ணி டேங்க் கிளீனிங்.

அவள் வேலை வீட்டில் உட்கார்ந்து போன் எடுப்பது. வால்வைப் பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சல் என்பதால் இன்றைக்கு அவளே லாரியில் ஏறி வந்திருந்தாள். வந்தது நல்லதாகப் போயிற்று என்று பிற்பாடு யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம்தான் வரும். வராத நாளில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க அவள் விரும்பவில்லை.

வீட்டுக்காரர் பின்வாசலில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, மூக்கில் கைக்குட்டை.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரமாவது ஆகும்ங்க. தண்ணி ஊத்திக் கலக்கணும். லாரி ரொம்பிடுச்சுன்னா கொட்டிட்டு வரணும்."

"ரெண்டு மணி நேரமா? சாயங்காலம் பொண்ணு பச்சக்குழந்தையோட வர்றா. வீடு இருக்கிற இருப்புல எங்க படுக்க வைக்கிறது? ஒரு ஆள் இறங்கி வாரிவிட்டா பத்து நிமிஷ வேலைதானே இது?"

"நாங்க ஆளை இறக்குறதில்லைங்க."

"போன தடவை வந்தவன் இறங்கினானே."

"அவன் இப்ப இருக்கானான்னு கேட்டுப் பாருங்க."

அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"நான் ஒண்ணும் தெரியாமப் பேசலைம்மா. தேடிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். கேளு. 'டேங்க் மூடியைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டால் போதும். நாற்றம் போனதும் பாதுகாப்பாக இறங்கலாம்.' நீங்க திறந்து முக்கால் மணிக்கு மேலயே ஆச்சு."

காற்றாட விட்டால் போதும். இப்படி ஒரு வாக்கியத்தை அண்ணி இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சொன்ன ஆள் ஆறு வருஷமாக இல்லை.

"எதுல போட்டிருக்கு?"

"மேலயே வருதும்மா. இப்பல்லாம் எந்த லிங்க்குக்குள்ளயும் போக வேண்டியதில்லை. கேட்டா அதுவே பதில் சொல்லிடுது." அவர் விரலால் தள்ளி, பதிலுக்கு அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தார். படித்துவிட்டு லாரிக் கதவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, வழக்கில் ஜெயித்தவரின் சிரிப்பு. "அண்ணி டேங்க் கிளீனிங். இது நீங்கதானே? நீங்களே எழுதி வச்சுட்டு நீங்களே முடியாதுங்கிறீங்க?"

ஒல்லி அதைக் கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றிவிட்டான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனால் அண்ணி எழுதியது என்றால் அவனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. பெயருக்கேற்ற உடம்பு. இரண்டடி வாயுள்ள ஓட்டைக்குள் நுழைவதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருப்பான். டேங்க் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை உள்ளே விட்டான்.

"அண்ணியே எழுதியிருக்குன்னா சரியாத்தான் இருக்கும். பாருங்க, இப்ப நாத்தமே இல்லை."

நாற்றமே இல்லை. அண்ணி வால்வை விட்டுவிட்டு ஓடினாள். கத்தினாளா என்று அவளுக்கு ஞாபகமில்லை. கத்தினாள் என்று லாரிக்குள் இருந்த சின்னவன் பிறகு சொன்னான். இன்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டதாம். ஒல்லியின் அக்குளில் கைவிட்டு இழுத்துப் பின்னால் தள்ளினாள். கீழே கிடந்த இரும்பு மூடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதற்குப் பதில், ஓட்டைக்குக் குறுக்கே இரண்டு காலையும் நீட்டி அவளே உட்கார்ந்துவிட்டாள். சேலை முழுக்கக் கசடு.

"இறங்குறதுன்னா என்னை மிதிச்சுட்டு இறங்கு."

"நீங்கதானே அண்ணி எழுதினீங்க?"

"நான்தான் எழுதினேன். நாசமாப் போன மிச்சத்தையும் நான்தான் எழுதினேன்!"

ஓடிவந்த சின்னவன் மூடியைப் பார்த்தான், ஒல்லியின் வெற்றுடம்பைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் ஒல்லியின் சட்டையை எடுத்து அவன் முகத்தில் எறிந்தான். "போடுடா."

அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டுக்காரரிடம் கையை நீட்டினாள். கை இருந்த நிலையைப் பார்த்து அவர் செல்போனைக் கொடுக்கத் தயங்கினார். "சரி, நீங்களே வச்சுக்கங்க. அந்தப் பேரை அழுத்துங்க. உள்ள போய்ப் படிங்க. வாய்விட்டுப் படிங்க, இவனுக்கும் கேக்கட்டும்."

அவர் அழுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"'மூடியைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டால் போதும், நாற்றம் போனதும் இறங்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். பத்தொன்பது வருஷம் இந்த வேலை பார்த்தவர். சொல்லிவிட்டு இறங்கினார். நாற்றம் போகவில்லை. அவர் மூக்குதான் செத்துப்போயிருந்தது. அந்த விஷக்காற்று முதலில் மூக்கைக் கொல்லும், பிறகு ஆளை. அவரைத் தூக்க இறங்கியவரும்...'"

அங்கே நின்றுவிட்டார். மிச்சத்தைக் கண்ணால் படித்தார். கைக்குட்டை மூக்கிலிருந்து எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"மேல வர்றதைத்தானேம்மா எல்லாரும் படிக்கிறோம்," என்றார் கடைசியில். "கீழ இவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் உள்ளே போனார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தோட்டத்துக் குழாயை அவரே இழுத்துக்கொண்டு வந்து, மடிப்புச் சட்டை நனைய நனைய டேங்குக்குள் தண்ணீர் பிடித்தார். இரண்டு மணி நேரம் என்றது மூன்றாகிவிட்டது. குழாயை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

நெட்டில் அந்தப் பக்கம் உண்டானது இப்படித்தான். அவள் புருஷன் போன அடுத்த வருஷம், ஒரு வாடிக்கையாளர் வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பெண் ஒருத்தி, "அக்கா, உங்களுக்குன்னு நெட்டுல ஒரு பக்கம் வேணும், தேடுறவங்க கண்ணுல படணும்ல," என்று இலவசமாகச் செய்து கொடுத்தாள். எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யணும், லாரி சந்துக்குள் வருமா, கழிவு எங்கே போகும் என்றெல்லாம் ஜனங்கள் போனில் கேட்கிற கேள்விகளை அண்ணி பெருவிரலால் தட்டித் தட்டி எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே அவர் செத்த கதையை எழுதினாள். யாரும் சொல்லித் தரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்ன மாதிரியே எழுதினாள். செத்தவன் கடைசியாக என்ன சொன்னான் என்பதில்தான் அந்தப் பேச்சு தொடங்கும். அதைக் கேட்டுத்தான் எதிரே இருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நடந்தது பிறகு வரும். பதினைந்து நாளில் நூறு பேருக்குச் சொல்லிப் பழகிய வாய், எழுதும்போதும் அதே வரிசையில்தான் எழுதியது. எதிரே உட்கார்ந்திருப்பவர் பாதியில் எழுந்து போகமாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்லுகிற கதை அது.

நாலு வருஷம் அந்தப் பக்கம் நன்றாகத்தான் உழைத்தது. தேடினால் இரண்டாவதோ மூன்றாவதோ வரும். மத்தியானத்துக்குள் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். சிலர் கதையைப் படித்துவிட்டே கூப்பிடுவார்கள். அவர்கள் யாரும் ஆளை இறக்கச் சொன்னதில்லை. இந்த ஒரு வருஷத்தில்தான் அது மாறியது. இப்போது மூன்று பேர் கூப்பிட்டால் பெரிது. கூப்பிடுகிற மூன்று பேரும் எல்லாம் தெரிந்தவர்கள். "நாலாயிரம் லிட்டர் டேங்க், ஆறு பேர், மூணு வருஷத்துக்கு ஒருதடவைன்னு போட்டிருக்கு, நீங்க என்ன ரெண்டுங்கிறீங்க?" என்று பரீட்சை வைப்பார்கள். மூன்று என்பதும் அவள் எழுதியதாகவே இருக்கும், நாலு பேர் வீட்டுக்கு. ஜனங்கள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். தேடுகிறவர்களுக்கும் தனக்கும் நடுவில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, தன் பேச்சைப் பாதி பாதியாகப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும் வழியில் லாரிக்குள் மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கத்தையே அழிச்சிடுங்க அண்ணி," என்றான் சின்னவன்.

"அழிச்சா அது சொல்றதை நிறுத்திடுமா?"

"தெரியலை. எங்கயோ எடுத்து வச்சிருக்கும்னு சொல்றாங்க."

"அப்ப இறங்குன்னு சொல்றதுக்கு அது இருக்கும். இறங்காதேன்னு சொல்றதுக்கு ஆள் இருக்காது. அதானே?"

"ஏதாவது ஆச்சுன்னா நம்ம பேரு இல்ல அதுக்குக் கீழ இருக்கு?"

"பேரு கிடக்குது, தம்பி. ஒரு உசுரு போச்சுன்னா நம்ம கதவுல எழுதின பேரைப் பெயின்ட் வச்சு அழிச்சிடலாமா?"

சின்னவன் கியரை மாற்றினான். ஒல்லி திரும்பாமலேயே சொன்னான். "நான் இறங்கியிருப்பேன் அண்ணி. நீங்க எழுதினதுன்னு சொன்னதும் பயமே வரலை." அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு உட்கார்ந்து அவளே தேடிப் பார்த்தாள். தன் செல்போனிலும் அதே பதில்தான். இதில் முப்பது நிமிடங்கள் என்று இருந்தது. சின்னவன் செல்போனை வாங்கிப் பார்த்தாள். அதில் சுமார் அரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் சொல்லை மாற்றிப் போட்டது, சாவை மாற்றவில்லை. பதிலுக்கு அடியில் கட்டைவிரல் கவிழ்ந்த மாதிரி ஒரு படம் இருந்தது. அழுத்தினாள். என்ன தவறு என்று கேட்டது. 'இப்படி இறங்கித்தான் என் வீட்டுக்காரர் செத்தார், இதை எழுதியவளே நான்தான், தயவுசெய்து எடுங்கள்' என்று எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள், வேறு யாராவது வந்து பேசுவார்கள் என்று. நன்றியோடு சரி.

பிறகு தன் பக்கத்தைத் திறந்து, முதல் வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்ற வாக்கியம் அதுதான். மற்றதெல்லாம் அவள் எழுதியது. தயங்கித் தயங்கி, நீட்டி முழக்கி இருந்தது. அது அவர் பேசியது. எதையும் அப்படித்தான் அடித்துச் சொல்வார். சந்தேகம் என்பதே அந்த வாயில் வராது. வாடகை வீட்டைப் பார்த்த உடனே, "நமக்கு இது போதும்," என்றார். பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே, "விடு, நீ எனக்குப் போதும்," என்றார். அவள் அதை நம்பினாள். அன்றைக்கு டேங்க் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அரை மணி நேரம் போதும் என்றபோதும் நம்பினாள். சோற்றுத் தூக்கைக் கொடுக்க வந்தவள், பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அவர் பேச்சில் அவளே ஏமாந்திருக்கும்போது இந்த மெஷின் ஏமாந்ததில் என்ன அதிசயம்? ஆயிரம் வரியைத் துழாவி, உள்ளதிலேயே உறுதியாகப் பேசுகிறவனைப் பிடித்து முன்னால் நிறுத்தியிருக்கிறது. அவளும் ஒருகாலத்தில் அப்படித்தான் பிடித்தாள்.

வாக்கியத்தின் கடைசியில் விரலை வைத்து அழிக்கத் தொடங்கினாள். எழுத்து எழுத்தாகப் போயிற்று. என்றார் போயிற்று. போதும் போனது. மூடி என்ற சொல் மிஞ்சியபோது ஒருகணம் நின்றாள். பிறகு அதையும் அழித்தாள்.

புதிதாக எழுதினாள். இறங்காதே. மூடியைத் திறந்து ஒரு நாள் ஆனாலும் இறங்காதே. நாற்றம் இல்லாவிட்டாலும் இறங்காதே. கயிறு கட்டினாலும் இறங்காதே. உள்ளே விழுந்தவனைத் தூக்கவும் இறங்காதே, தீயணைப்புக்குக் கூப்பிடு. எங்கே கத்தரித்தாலும் ஒரு இறங்காதே ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே தன் போன் நம்பரைப் போட்டு, எந்த நேரமும் கூப்பிடு என்று எழுதினாள்.

மறுநாள் ஒல்லி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது அதைப் படித்துக் காட்டினாள். அவன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். அவள் புருஷனை அவன் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்த அண்ணன், அன்றைக்கு அந்த வீட்டுக்காரர் படிக்கக் கேட்ட பழைய பக்கத்தில் இருந்த அண்ணன்தான்.

"ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருக்கு," என்றான். "அண்ணன் எங்க?"

"எடுத்துட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு லாரியைக் கழுவப் போய்விட்டான்.

நாலு நாள் கழித்துத் தேடினாள். அதே பதில். ஒன்பதாம் நாள் தேடியபோது இறங்கக்கூடாது என்று வந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாள், எத்தனை நேரம் கழித்து இறங்கலாம் என்று. அரை மணி நேரம் என்றது. அவர் எங்கேயோ இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். துணி அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ, டேங்க் கிளீனிங்குங்களா? சும்மா ஒரு விவரம் கேக்கத்தான். லாரியெல்லாம் வேணாம், எங்க ஊருக்கு நீங்க வரவும் மாட்டீங்க." ஒரு ஆண் குரல், இளவயது. பின்னால் காற்று அடித்தது, வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். "மூடியைத் திறந்து அரை மணி நேரம் ஆச்சுங்க. இறங்கலாம்னு போட்டிருக்கு. கீழ உங்க பேரு இருந்துச்சு, தொட்டா நம்பர் வந்துச்சு. எதுக்கும் கேட்டுக்கலாம்னு..."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"இன்னும் இல்லைங்க. அண்ணன் இறங்கப் போறாரு."

"அங்க நாத்தம் அடிக்குதா?"

"முதல்ல குடலைப் பிடுங்குச்சு. இப்ப ஒண்ணும் இல்லைங்க."

ஈரக்கையில் போன் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நான் சொல்றதைக் கேளு. அண்ணனை அந்த இடத்தை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு. இப்பவே."

"ஏங்க, அதுல..."

"அதுல போட்டிருக்கிறது என் புருஷன் சொன்னது. அதைச் சொல்லிட்டு இறங்கினவரைப் பொணமாத்தான் தூக்கினாங்க. அதை மட்டும் அதுல போடலை. போனை வச்சிடாத. மூடியை மூடு. மூடுற சத்தம் எனக்குக் கேக்கணும்."

பிறகு போனை எதன் மேலோ வைத்த சத்தம். காலடிகள் போயின. "யாரோ ஒரு அம்மா..." என்று தூரத்தில் கேட்டது. கனத்த குரல் ஒன்று குறுக்கே பேசியது. எரிச்சலான குரல், அடித்துப் பேசுகிற குரல். என்ன சொல்கிறது என்று புரியவில்லை. ஒரு பெண் ஏதோ கேட்டாள். மறுபடி அந்தக் கனத்த குரல்.

அண்ணி எழுந்து போய்த் திறந்திருந்த தண்ணீர்க் குழாயை மூடினாள். ஒரு காதில் போனை அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சிமென்ட்டில் இரும்பு உரசும் சத்தம் வருகிறதா என்று கேட்டபடி நின்றாள்.